சான்றிதழ் பெறாத ஆசிரியர்
அருட்தந்தை கிரகோர் மெண்டலின் வாழ்க்கை

பள்ளிக்கூடம் ஒன்றில் பதினான்கு ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்தவர். மாணவரின் அன்பைக் குறைவறப் பெற்றவர். ஆயினும் ஆசிரியர் தேர்வை இருமுறை எழுதச் சென்று இருமுறையும் வெறுங்கையோடு திரும்பியவர். தற்காலிக ஆசிரியர் என்ற பெயரோடு வகுப்பறைக்குள் நுழைந்து, கடைசி நாளன்றும் அதே பெயரோடு வெளியே வந்தவர். இப்படி ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டால், பாவம், திறமை போதாதவர் போலும் என்றுதான் நாம் எண்ணுவோம். ஆனால் இன்று உலகில் எந்த நாட்டு உயிரியல் பாடநூலைத் திறந்தாலும் அவர் பெயர் அதில் இருக்கும். மரபியல் என்னும் விஞ்ஞானத்தின் தந்தை என்று போற்றப்படும் அகுஸ்தினார் சபைத் துறவி கிரகோர் மெண்டலே அவர்.

பட்டாணிச் செடி மெண்டலை நாம் எல்லாரும் அறிவோம். தேர்வு நெருங்கும் காலத்தில் நம் வீட்டுப் பிள்ளைகள் அவருடைய விதிகளை உரக்க மனப்பாடம் செய்வதையும் கேட்டிருக்கிறோம். ஆனால் ஆசிரியர் மெண்டலை அறிந்தவர்கள் சிலரே. கோவிலும் பள்ளியும் அருகருகே வளர்வது நம் பங்குகளின் வழக்கம். ஆகவே விழா மலர் ஒன்றில் அந்த ஆசிரியரை நினைத்துப் பார்ப்பது பொருத்தமே.

பழத்தோட்டத்துப் பாடம்

அன்றைய ஆஸ்திரியப் பேரரசின் சிலேசியப் பகுதியில், ஹைன்சென்டார்ப் என்னும் சிற்றூரில் 1822-ஆம் ஆண்டு ஜூலை மாதம் யோவான் மெண்டல் பிறந்தார். அவ்வூர் இன்று செக் குடியரசில் இருக்கிறது. தந்தை அந்தோணி ஒரு குடியானவர். சொந்தமாகச் சிறிது நிலம் இருந்தாலும், வாரத்தில் மூன்று நாள் நிலப்பிரபுவுக்கு ஊதியமின்றி உழைத்துக் கொடுக்க வேண்டும். அது அக்காலத்துச் சட்டம். தாய் ரோசினா தோட்டக்காரர் குடும்பத்துப் பெண். இரண்டு பெண்களுக்கு நடுவே யோவான் ஒரே மகன்.

அந்தப் பங்கின் குருவானவர் தந்தை ஷ்ரைபர். ஞானக் காரியங்களோடு மக்களுடைய தோட்டங்களைப் பற்றியும் கவலை கொண்டவர். நல்ல பழவகைகளைத் தருவித்து, அவற்றின் கிளைகளைக் குடியானவர்களுக்குக் கொடுத்து, ஒட்டுக்கட்டும் முறையைக் கற்றுக்கொடுத்தார். அந்தோணி மெண்டலின் பழத்தோட்டமும் அவ்விதம் செழித்ததே. ஊர்ப் பள்ளியிலும் எழுத்து, கணக்கு, ஞானோபதேசம் ஆகியவற்றோடு இயற்கைப் பாடமும், பழமரம் வளர்ப்பதும், தேனீ வளர்ப்பதும் சொல்லிக் கொடுக்கப்பட்டன. கிராமத்துப் பள்ளிகளில் இது அன்று அபூர்வம்.

சிறுவன் யோவான் விஞ்ஞானத்தை முதன்முதலில் சந்தித்த இடம் இதுதான். புளிப்புப் பழம் தரும் மரத்தில் இனிப்பு மரத்தின் கிளையை ஒட்டினால் அந்தக் கிளை இனிப்பாகவே காய்ப்பதைத் தன் கண்ணால் கண்டான். தன் கையாலும் கட்டிப் பார்த்தான். இது ஏன் என்று கேட்டால் அதட்டாமல் பதில் சொல்லவும் ஒரு குருவும் ஓர் உபாத்தியாயரும் இருந்தார்கள். பிற்காலத்தில் அவர் அடைந்த பெருமைக்கெல்லாம் விதை இந்த ஊரிலேயே ஊன்றப்பட்டது.

அரைச் சாப்பாட்டுக் கல்வி

பையனின் கூர்மையைக் கண்ட உபாத்தியாயர் அவனை மேல்படிப்புக்கு அனுப்பும்படி வற்புறுத்தினார். ஒரே மகன் படிக்கப் போனால் நிலத்தைப் பார்ப்பவர் யார்? தந்தையின் மனம் தயங்கியது. இருந்தாலும் அனுப்பி வைத்தார். 1833-இல் லைப்னிக் பள்ளியிலும், மறு ஆண்டு முதல் ட்ரொப்பாவ் நகர உயர்நிலைப் பள்ளியிலும் யோவான் படித்தார். விடுதியில் முழுச் சாப்பாட்டுக்குப் பணம் கட்ட வீட்டில் வசதியில்லை. எனவே அரைச் சாப்பாடுதான். மீதிப் பசிக்கு ஊரிலிருந்து வண்டிக்காரர் கொண்டுவரும் ரொட்டியும் வெண்ணெயும்.

1838-இல் காட்டு வேலையின்போது மரத்தண்டு ஒன்று விழுந்து தந்தையின் மார்பு நசுங்கியது. அதன்பின் வீட்டிலிருந்து உதவி நின்றுபோயிற்று. பதினாறு வயதுப் பையன் மற்றப் பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் சொல்லிக் கொடுத்துத் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளத் தொடங்கினான். கற்பிக்கும் தொழிலில் அவர் காலெடுத்து வைத்தது பசியினாலேயே என்றால் மிகையாகாது.

1840-இல் ஒல்முட்ஸ் நகரத்துத் தத்துவக் கல்விக்கூடத்தில் சேர்ந்தபோது, அறிமுகமற்ற ஊரில் தனிப்பாடத்துக்கு மாணவர் கிடைக்கவில்லை. கவலையும் பட்டினியும் சேர்ந்து நோயாயின. படிப்பை விட்டுவிட்டு ஊர் திரும்பி நெடுநாள் படுக்கையில் கிடந்தார். அப்போது தங்கை தெரேசா தன் திருமணத்துக்கென்று ஒதுக்கியிருந்த சீதனத்தில் ஒரு பங்கை அண்ணனின் படிப்புக்காக விட்டுக்கொடுத்தாள். அந்தப் பணத்தைக்கொண்டே அவர் மீண்டும் ஒல்முட்ஸ் சென்று 1843-இல் படிப்பை முடித்தார். இந்த உபகாரத்தை அவர் மறக்கவேயில்லை. பிற்காலத்தில் தெரேசாவின் மூன்று பிள்ளைகளின் படிப்புக்கும் அவரே துணை நின்றார்.

மடத்தின் கதவு திறந்தது

ஒல்முட்ஸில் இயற்பியல் கற்பித்த பேராசிரியர் ஃபிரான்ஸ் ஒரு குருவானவர். ஏழை மாணவரின் நிலையை அறிந்த அவர், புருன் நகரத்துப் புனித தோமையார் மடத்துக்குப் பரிந்துரை எழுதினார். இன்று அந்நகரின் பெயர் பர்னோ. 1843 அக்டோபர் 9-ஆம் நாள் யோவான் அம்மடத்தில் சேர்ந்து, கிரகோர் என்ற துறவறப் பெயரைப் பெற்றார். 1847 ஆகஸ்டு 6-ஆம் நாள் குருப்பட்டம் பெற்றார்.

அம்மடம் சாதாரண மடமன்று. அங்கு நல்ல நூலகம் இருந்தது. தாவரத் தோட்டம் இருந்தது. துறவிகளில் பலர் நகரப் பள்ளிகளில் ஆசிரியர்களாகப் பணிபுரிந்தனர். மடாதிபதி சிரில் நாப் கல்வியில் பேரார்வம் கொண்டவர். ஆடு வளர்ப்போரும் பழமரம் வளர்ப்போரும் கூடி, நல்ல குணம் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு எவ்வாறு இறங்குகிறது என்று விவாதித்த அந்நகரில், அந்த விவாதங்களில் அவரும் கலந்துகொண்டவர்.

புதிய குருவுக்கு முதலில் கிடைத்தது பங்குப் பணி. மருத்துவமனையில் நோயாளிகளைச் சந்திப்பதும், மரணப் படுக்கையில் இருப்போருக்குத் துணை நிற்பதும் அதில் அடக்கம். மெண்டலின் இளகிய மனம் அந்த வேதனைகளைத் தாங்கவில்லை. அவரே நோயாளியானார். வேறொரு தலைவராக இருந்தால் கீழ்ப்படிதலின் பெயரால் அங்கேயே இருக்கச் சொல்லியிருக்கலாம். நாப் அப்படிச் செய்யவில்லை. இந்த மனிதருக்கு ஏற்ற இடம் எது என்று சிந்தித்தார். 1849-இல் ஸ்னைம் நகர உயர்நிலைப் பள்ளிக்குத் தற்காலிக ஆசிரியராக அவரை அனுப்பி, அதற்கான விளக்கத்தை ஆயருக்கும் எழுதினார்.

நோயாளிகளின் முன் நடுங்கிய அதே மனிதர் மாணவர்களின் முன் மலர்ந்தார். ஓராண்டு முடிவதற்குள் அவருடைய கற்பிக்கும் திறமையை உடன் ஆசிரியர்கள் மெச்சி நற்சான்று கொடுத்தார்கள்.

முதல் தோல்வி

உயர்நிலைப் பள்ளியில் நிலையான ஆசிரியராக வேண்டுமானால் பல்கலைக்கழகத் தேர்வில் தேற வேண்டும் என்று அரசு அப்போது புதிதாகச் சட்டம் செய்திருந்தது. மெண்டல் 1850-இல் அத்தேர்வுக்கு வியன்னா சென்றார். பல்கலைக்கழகத்தின் வாசலை அதுவரை மிதித்தவரல்லர். படித்ததெல்லாம் தாமே புத்தகங்களை வைத்துப் படித்தது. காற்றையும் வானிலையையும் பற்றி எழுதிய இயற்பியல் கட்டுரை பாராட்டுப் பெற்றது. ஆனால் நிலவியலிலும் விலங்கியலிலும் தேர்வாளர் க்னெர் திருப்தி அடையவில்லை. பாலூட்டிகளை வகைப்படுத்தச் சொன்ன கேள்விக்கு அவர் எழுதிய விடை மிகவும் குறைபாடு உள்ளதாகத் தீர்ப்பாயிற்று. மெண்டல் தோற்றார்.

தேர்வாளர்கள் அநியாயம் செய்தார்கள் என்று சொல்வதற்கில்லை. அந்தப் பாடத்தை முறையாகக் கற்பிக்க அவருக்கு யாரும் கிடைக்கவில்லை என்பதே உண்மை. இதைத் தேர்வாளர்களில் ஒருவரான இயற்பியல் பேரறிஞர் பௌம்கார்ட்னர் கண்டுகொண்டார். இவரிடம் அறிவு இல்லாமலில்லை, முறையான பயிற்சிதான் இல்லை என்று உணர்ந்த அவர், பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிப் படிக்க வைக்கும்படி மடாதிபதிக்கு ஆலோசனை கூறினார். மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மூடிவிடாமல், அதன் பின்னால் இருந்த மனிதரையும் ஒருவர் பார்த்தார். அதனால் ஒரு தோல்வி வாழ்நாள் தோல்வியாகாமல் தப்பியது.

இருபத்தொன்பது வயதில் மாணவர்

1851-இல், இருபத்தொன்பதாம் வயதில், தம்மைவிட இளையவர்களோடு வியன்னாப் பல்கலைக்கழகத்தின் பெஞ்சியில் மெண்டல் அமர்ந்தார். மடமே செலவை ஏற்றுக்கொண்டது. அங்கு அவருக்கு வாய்த்த ஆசிரியர்கள் மூவரை மட்டும் சொன்னால் போதும். ஒலியைப் பற்றிய தம் கண்டுபிடிப்பால் இன்றும் பெயர் விளங்கும் டாப்ளர், சோதனை செய்து காட்டும் கலையைக் கற்றுக்கொடுத்தார். எட்டிங்ஸ்ஹௌசன், பல பொருள்கள் எத்தனை விதங்களில் சேரக்கூடும் என்று கணக்கிடும் கணிதத்தைப் போதித்தார். தாவரவியல் பேராசிரியர் உங்கர், செடியின் வாழ்வை உயிரணுக்களிலிருந்தே ஆராய வேண்டும் என்ற பார்வையை அளித்தார்.

இயற்பியலாரைப்போல் சோதனை செய்ய வேண்டும். கணிதரைப்போல் எண்ண வேண்டும். தோட்டக்காரரைப்போல் பொறுத்திருக்க வேண்டும். இந்த மூன்றும் ஒரே மனிதரிடம் கூடின. 1853-இல் மடத்துக்குத் திரும்பினார்.

வகுப்பறையில்

1854-ஆம் ஆண்டு மே மாதம் புருன் நகர ரியால் பள்ளியில் மெண்டல் தற்காலிக ஆசிரியரானார். லத்தீனையும் கிரேக்கத்தையும்விட விஞ்ஞானத்துக்கும் தொழிலறிவுக்கும் முதலிடம் தந்த பள்ளி அது. கீழ் வகுப்புகளுக்கு இயற்பியலும் இயற்கை வரலாறும் அவர் பொறுப்பு. ஏறத்தாழ நூறு பிள்ளைகள் நிறைந்த வகுப்புகளும் உண்டு. நூறு பையன்களை மணிக்கணக்காக அமைதியாக வைத்திருப்பது எத்தகைய காரியம் என்பதை நம் ஆசிரியப் பெருமக்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அவர் பிரம்பை நம்பவில்லை. எளிய பொருள்களைக் கொண்டு வகுப்பில் சோதனை செய்து காட்டினார். குறைந்த சாதனங்களை வைத்துக்கொண்டே சோதனை வழியாகக் கற்பிப்பதில் இவர் வல்லவர் என்று பள்ளியின் தலைவர் ஔஸ்பிட்ஸ் தம் அறிக்கையில் எழுதி வைத்தார். விலையுயர்ந்த கருவிகள் இல்லையே என்று ஏங்கும் பள்ளிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஹூகோ இல்டிஸ் என்பவர், அவரும் அந்நகரத்து ஆசிரியரே, பிற்காலத்தில் மெண்டலின் பழைய மாணவர்களைத் தேடிச் சென்று, அவர்கள் நினைவில் இருந்தவற்றைக் கேட்டறிந்து 1924-இல் மெண்டலின் வரலாற்றை வெளியிட்டார். முடி நரைத்துப்போன அந்த மாணவர்கள் எல்லாரும் ஒரே மனிதரைத்தான் நினைவுகூர்ந்தார்கள்: சற்றே பருத்த உடல், கண்ணாடிக்குப் பின்னால் சிரிக்கும் கண்கள், இடையிடையே வேடிக்கைப் பேச்சு, யாருக்கும் பாரபட்சமில்லாத நடுநிலைமை. பாடம் விளங்கவில்லை என்று சொல்வதற்கு அவர் வகுப்பில் எந்தப் பையனும் அஞ்சியதில்லை. சலிப்பின்றி மறுபடியும் விளக்குவார். படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளை மடத்துக்கு வரவழைத்துத் தனியே பாடம் சொல்லிக் கொடுப்பார்; அதற்குக் காசு வாங்கமாட்டார். தனிப்பாடம் சொல்லி வயிறு வளர்த்த நாள்களை அவர் மறந்திருப்பாரா?

மடத்துத் தோட்டத்துக்கும் மாணவர்களை அழைத்துச் செல்வார். செடிகளையும் தேனீக்களையும் நேரில் காட்டுவார். மலரில் மகரந்தம் சேர்ந்து விதை உண்டாவதை விளக்கும்போது பையன்கள் சிலர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பதுண்டு. அவர் கோபித்து அடக்கவுமில்லை, அந்தப் பாடத்தைத் தாண்டிப் போகவுமில்லை. இவையெல்லாம் இயற்கையான காரியங்கள், இதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை என்று அமைதியாக எடுத்துரைத்து மேலே செல்வார். கடவுள் படைத்த உலகத்தில் மாணவன் கேட்கக்கூடாத விஞ்ஞானக் கேள்வி என்று ஒன்று இருப்பதாக அந்தத் துறவி கருதவில்லை.

தேர்வில் தோற்றவரின் மனம் இரண்டு வழியில் திரும்பலாம். தான் பட்ட அவமானத்தைப் பிறர் மேல் இறக்கிவைப்பார் சிலர். அந்த அவமானம் மற்றொரு பிள்ளைக்கு வரக்கூடாது என்று காப்பார் சிலர். மெண்டல் இரண்டாம் வழியைத் தேர்ந்துகொண்டார்.

இரண்டாம் தோல்வி

1856-இல் மீண்டும் வியன்னாவுக்குத் தேர்வெழுதச் சென்றார். இம்முறை அவர் இரண்டாண்டு பல்கலைக்கழகக் கல்வி பெற்றவர். வகுப்பறை அனுபவமும் கொண்டவர். ஆயினும் தொடக்கத்திலேயே உடலும் மனமும் தளர்ந்து, தேர்வை முடிக்காமலே திரும்பிவிட்டார். ஊரிலிருந்து தந்தையும் சிற்றப்பனும் வந்து பார்க்கும் அளவுக்கு நோய்வாய்ப்பட்டார். அதன்பிறகு அவர் தேர்வுக்குப் போகவேயில்லை.

ஆனால் வகுப்பறைக்குப் போனார். மறுநாளைய பாடத்துக்கு ஆயத்தம் செய்தார். அதே 1856-ஆம் ஆண்டில்தான், மடத்துத் தோட்டத்தில் தம் பெயரை என்றென்றும் நிலைநாட்டவிருந்த வேலையையும் தொடங்கினார்.

முப்பத்தைந்து மீட்டர் நீளத்தில் ஒரு கேள்வி

அந்தத் தோட்டத்துண்டின் நீளம் 35 மீட்டர், அகலம் 7 மீட்டர். அதில் அவர் எழுப்பிய கேள்வி ஒரு பள்ளிச் சிறுவன் கேட்கக்கூடியதே: பெற்றோரின் குணம் பிள்ளைக்கு எப்படி வருகிறது? தாத்தாவிடம் இருந்து, தந்தையிடம் காணாமற்போன ஒன்று பேரனிடம் திரும்பவும் தோன்றுகிறதே, அது இடையில் எங்கே ஒளிந்திருந்தது?

இந்தக் கேள்வியை அவருக்கு முன்பும் பலர் கேட்டார்கள். ஆனால் செடியின் எல்லாக் குணங்களையும் ஒன்றாகப் பார்த்துக் குழம்பினார்கள். மெண்டல் நல்ல ஆசிரியரல்லவா? பெரிய கணக்கைச் சிறு சிறு படிகளாகப் பிரித்துக்கொண்டார். முப்பத்துநான்கு வகைப் பட்டாணி விதைகளை வாங்கி, ஒவ்வொரு வகையும் கலப்பின்றித் தன் இயல்பிலேயே முளைக்கிறதா என்று இரண்டாண்டு பயிரிட்டுப் பார்த்தார். அவற்றில் 22 வகைகளை வைத்துக்கொண்டார். விதை உருண்டையா சுருங்கியதா, மஞ்சளா பச்சையா, செடி நெட்டையா குட்டையா என்பனபோல் தெளிவாகப் பிரித்தறியக்கூடிய ஏழு பண்புகளை மட்டும் எடுத்துக்கொண்டார்.

பட்டாணிப்பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறும். எனவே மொட்டாயிருக்கும்போதே பூவைப் பிரித்து, மகரந்தப் பைகளை அகற்றி, வேறு செடியின் மகரந்தத்தைத் தடவி, வண்டு நுழையாதபடி சிறு பையால் மூடிக் கட்ட வேண்டும். ஒவ்வொரு பூவுக்கும் இப்படி. ஒரு பூ, இரு பூவா?

உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தபோது பிறந்த விதைகள் அனைத்தும் உருண்டையாகவே இருந்தன. சுருக்கம் அழிந்துவிட்டதா? அந்த விதைகளை விதைத்து, வளர்ந்த 253 செடிகளைத் தம்மில் தாமே கருவுற விட்டார். காய்களை உரித்து விதைகளை எண்ணினார். மொத்தம் 7,324. அவற்றில் உருண்டை 5,474, சுருங்கியவை 1,850. மறைந்திருந்த சுருக்கம் திரும்ப வந்துவிட்டது. அதுவும் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில். மஞ்சள், பச்சை விதைகளிலும் அவ்வாறே: 6,022-க்கு 2,001.

அதோடு அவர் நிற்கவில்லை. கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் உருண்டை விதைகளெல்லாம் உள்ளேயும் ஒன்றுதானா என்று சோதித்தார். அவற்றிலிருந்து 565 செடிகள் வளர்த்துப் பார்த்ததில் 193 செடிகள் உருண்டை விதை மட்டுமே தந்தன. 372 செடிகள் இருவகை விதைகளையும் தந்தன. அதாவது மூன்றில் இரண்டு பங்கு உருண்டை விதைகள் சுருக்கத்தையும் உள்ளே மறைத்துக்கொண்டிருந்தன. பெற்றோரின் பண்புகள் பாலும் நீரும்போல் கலந்து கரைந்துவிடுவதில்லை. நெல்லும் கேழ்வரகும்போல் தனித்தனி மணிகளாகவே தலைமுறை தலைமுறையாக இறங்குகின்றன என்று கண்டார். 1863 வரை எட்டுப் பருவங்கள், ஏறத்தாழ 28,000 செடிகள்.

பள்ளி மண்டபத்தில் ஒரு மாலை

1865-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாளும் மார்ச் 8-ஆம் நாளும், புருன் இயற்கை ஆய்வுச் சங்கத்தில் மெண்டல் தம் முடிவுகளை வாசித்தார். அச்சங்கத்தின் கூட்டம் நடந்த இடம் எது தெரியுமா? அவர் கற்பித்துவந்த அதே ரியால் பள்ளிக் கட்டடம். உலக விஞ்ஞானத்தில் ஒரு புதிய துறை பிறந்த செய்தியை முதலில் கேட்டவை ஒரு பள்ளிக்கூடத்தின் சுவர்களே.

நகரத்துச் செய்தித்தாள் கூட்டத்தைப் பற்றிச் செய்தி வெளியிட்டது. 1866-இல் கட்டுரை அச்சேறி, பல நாட்டு நூலகங்களுக்கும் சென்றது. ஆனால் செடிகளைப் பற்றிப் பேசும்போது இத்தனை எண்கள் எதற்கு என்பது அக்காலத்து அறிஞர்களுக்கு விளங்கவில்லை. மியூனிக் நகரப் பேராசிரியர் நேகலியோடு மெண்டல் பல ஆண்டுகள் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். அவரும் இதன் பெருமையை உணரவில்லை. தாம் ஆராய்ந்துவந்த ஹைராசியம் என்னும் காட்டுச்செடியின் பக்கம் மெண்டலைத் திருப்பினார். அந்தச் செடியோ பெரும்பாலும் மகரந்தத்தின் துணையின்றியே விதை உண்டாக்கும் இயல்புடையது. அன்று இது யாருக்கும் தெரியாது. பட்டாணியில் கண்ட கணக்கு அதில் வரவில்லை. நுண்ணிய பூக்களைப் பிரித்துப் பிரித்து மெண்டலின் கண்கள் நோவுற்றன. அப்போதும் அவர் எண்களை வளைக்கவில்லை. கண்டதைக் கண்டபடியே 1869-இல் சங்கத்தின் முன் வைத்தார்.

மடாதிபதி

1868 மார்ச் 30-ஆம் நாள் சகோதரத் துறவிகள் மெண்டலை மடாதிபதியாகத் தேர்ந்தெடுத்தனர். பள்ளிப் பணி அத்துடன் முடிந்தது. மாணவர்களைப் பிரிவது அவருக்கு எளிதாக இல்லை. நிர்வாகப் பொறுப்பு ஆராய்ச்சி நேரத்தையும் விழுங்கியது. 1874-இல் அரசு மடங்களின் மேல் விதித்த புதிய வரியை அவர் ஏற்க மறுத்தார். அந்தப் போராட்டம் அவருடைய கடைசி ஆண்டுகளைக் கசப்பாக்கியது. ஆயினும் தேனீக்களை ஆராய்ந்தார். வானிலைக் குறிப்புகளை நாள்தோறும் எழுதினார். பிறந்த ஊரில் தீயணைப்புக் கட்டடம் அமையப் பொருளுதவி செய்தார்.

1884 ஜனவரி 6-ஆம் நாள், திருக்காட்சித் திருவிழாவன்று, அவர் இறைவனடி சேர்ந்தார். அடக்கத் திருப்பலியில் பாடகர் குழுவை நடத்தியவர், பின்னாளில் இசையுலகில் புகழ்பெற்ற யானாசெக். நல்ல குருவை இழந்தோம், ஏழைகளின் நண்பரை இழந்தோம் என்று நகரம் வருந்தியது. விஞ்ஞானி ஒருவரை இழந்தோம் என்று அறிந்தவர் சிலரே.

பதினாறு ஆண்டுகள் சென்றன. 1900-இல் ஹாலந்தில் டி விரீஸ், ஜெர்மனியில் காரென்ஸ், ஆஸ்திரியாவில் செர்மாக் ஆகியோர் அதே விதிகளை எழுதிக்கொண்டிருந்தபோது, புருன் நகரத்துத் துறவியொருவர் முப்பத்துநான்கு ஆண்டுகளுக்கு முன்பே எல்லாவற்றையும் அச்சிட்டு வைத்திருப்பதைக் கண்டனர். 1910-இல் மடத்தின் முன்னுள்ள சதுக்கத்தில் அவருக்குச் சலவைக்கல் சிலை எழுந்தது. 2022-இல் அவர் பிறந்த இருநூறாம் ஆண்டை உலகம் கொண்டாடியது.

நமக்குரிய பாடம்

அன்பான பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே! மெண்டலின் வாழ்க்கையைத் திருப்பிப் பார்த்தால், ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு மனிதர் நிற்பதைக் காண்கிறோம். கேள்வி கேட்ட சிறுவனுக்குத் தோட்டத்தைத் திறந்துவிட்ட பங்குக்குரு. சீதனத்தைக் கொடுத்த தங்கை. நோய்வாய்ப்பட்டவரை வகுப்பறைக்கு அனுப்பிய மடாதிபதி. தோற்றவரைப் படிக்க வைக்கச் சொன்ன தேர்வாளர். இவர்களில் ஒருவர் கைவிட்டிருந்தாலும் அந்தப் பட்டாணித் தோட்டம் உண்டாகியிராது. தமக்குக் கிடைத்த அந்த நம்பிக்கையைத்தான் அவர் பதினான்கு ஆண்டுகள் தம் மாணவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்.

நம் வீட்டுப் பிள்ளை விஞ்ஞானப் பாடத்தில் குறைந்த மதிப்பெண்ணோடு வரும் நாளில், அவனுக்கு அறிவில்லை என்று சொல்வதற்கு முன், அவனுக்கு யாராவது கற்றுக்கொடுத்தார்களா என்று ஒருமுறை கேட்போம். அவன் ஏன் என்று கேட்கும்போது அதிகப்பிரசங்கி என்று அடக்காதிருப்போம். பதில் தெரியாவிட்டால் அவனோடு சேர்ந்து தேடுவோம். ஆய்வுக்கூடம் இல்லையென்றாலும், ஒரு தொட்டியும் கொஞ்சம் மண்ணும் ஒரு கைப்பிடி அவரை விதையும் எந்த வீட்டிலும் உண்டு. நட்டு, நாள்தோறும் பார்த்து, எண்ணி, ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்வோம். மெண்டல் செய்ததும் அதுதான்.

அவ்விதம் கேட்கவும் எண்ணவும் தேடவும் அஞ்சாத பிள்ளைகள் நம் பள்ளிகளில் பெருகுவார்களாக. அவர்களுக்குத் தோட்டத்தைத் திறந்துவிடும் மனத்தை இறைவன் நமக்குத் தருவாராக.